வீடு கட்டும்போது கையில் ஒரு நோட்டு!

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில். பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது சுலபமாக நடந்த காரியமில்லை. 1970-களில் நடந்த முதல் முயற்சி பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் பல வருஷங்கள் சாலையோரம் சும்மா கிடந்தன. புதிய திட்டம் 2004-ல்தான் நிறைவேறியது. காவிரித் தண்ணீர் வந்தால்தான் ஏரி நிரம்பும். அதனால் ஏரி வற்றும் காலத்துக்கு உதவ, நெய்வேலிப் பக்கத்து நிலத்தடி நீரையும் ஆழ்குழாய்க் கிணறுகள் மூலம் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் கையில் இல்லாத ஒன்றுக்கு மாற்று வழியை முன்னதாகவே யோசிக்க வேண்டும் என்பது வீட்டு வேலைக்கும் பொருந்தும்தானே!

எங்கள் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியபோது, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததிலிருந்து ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது. ஐப்பசி மழைக்குள் தளம் போட்டாக வேண்டும். மேஸ்திரியோ, "பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம்மா" என்பார். நடவு வந்தால் சித்தாள் வரமாட்டார்கள். மணல் லாரி நினைத்த நாளில் வராது. நான் செய்தவை இவைதான்:

தினமும் மாலையில் எத்தனை ஆள் வந்தார்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் செலவானது, சுவர் எவ்வளவு உயர்ந்தது என்று நோட்டில் எழுதினேன். ஞாயிறன்று இவரும் நானும் உட்கார்ந்து, முடிந்த வேலையையும் செலவான பணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பணம் முன்னே ஓடினால் அந்த வாரமே காரணம் கேட்டுவிடலாம்.

கூலியை மொத்தமாகத் தரவில்லை. அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியத் தந்தோம்.

பத்தில் ஒரு பங்கு பணத்தைத் தனியே வைத்தோம். கம்பி விலை ஏறியபோது அதுதான் கைகொடுத்தது. நகை அடகுக்குப் போகவில்லை.

சிமெண்டை மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் வலுக் குறையும். ஆகவே தேவைக்கு மட்டும் வாங்கி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கினோம். மழைக்குத் தார்ப்பாய் தயாராக இருந்தது.

எவ்வளவு அவசரமானாலும் விட்டுக்கொடுக்காதது ஒன்று உண்டு. தளம் போட்டபின் பத்து நாளாவது தண்ணீர் கட்டி ஈரம் காயாமல் வைக்க வேண்டும். "மழை வருதே, முட்டைப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டாலும், உரிய நாள் வரும்வரை சம்மதிக்காதீர்கள். பிஞ்சுத் தளத்தின் கீழ் நிற்பது நம் பிள்ளைகள் அல்லவா?

எங்கள் வேலை சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தள்ளித்தான் முடிந்தது. ஆனால் தள்ளிப்போகும் என்பது ஒரு மாதம் முன்பே நோட்டைப் பார்த்துத் தெரிந்ததால், பூச்சை ஒத்திவைத்துத் தளத்தை முதலில் முடித்தோம். மழை வந்தபோது மாமியார் நனையாமல் உள்ளே தூங்கினார்.

சகோதரிகளே, கணக்கு நோட்டு மளிகைக்கு மட்டுமல்ல!