ஒரு திறன்பேசி, பல கணினிகள்

மாணவர்களே! உங்களுள் பலர் பெற்றோரின் பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் சென்றவர்கள். புதிய ஊருக்குச் சென்றால் வீட்டுப் பொருள்களை ஏற்றிய சரக்குந்து வந்து சேரப் பல நாள்கள் ஆகும். வீட்டுக்கு இணைய இணைப்புக் கிடைக்க அதனினும் கூடுதலான நாள்கள் ஆகும். ஆனால் தந்தையின் சட்டைப்பையிலோ தாயின் கைப்பையிலோ இருக்கும் திறன்பேசி, வந்திறங்கிய அன்றே வேலை செய்கிறது. அது தனக்குக் கிடைக்கும் இணையத்தை வீட்டிலுள்ள மடிக்கணினிக்கும் பிற கருவிகளுக்கும் பகிர்ந்து அளிக்கவும் வல்லது. இது எவ்வாறு நிகழ்கிறது? அதனைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை யாவை? இப்பாடத்தில் காண்போம்.

மழைநாளில் ஒரு நிகழ்வு

மேகாலய மலைப்பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. சூலை மாதம், இரண்டு நாள்களாக மழை ஓயவில்லை. மலைச்சரிவில் மண் சரிந்ததால் சாலை அடைபட்டது. பள்ளிக்கு வரும் இணைய வடமும் அறுந்துபோனது. அன்று நண்பகலில் மாணவன் ஒருவன் நனைந்தபடி ஆசிரியர் அறைக்கு வந்தான். அவ்வாண்டுதான் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தான். தந்தை படைவீரர், சொந்த ஊர் வேலூரை அடுத்த ஒரு சிற்றூர். பொறியியல் கலந்தாய்வுக்கு அவன் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். அதற்கான காலக்கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிவதாக இருந்தது. சான்றிதழ்களின் நகல்களோ பள்ளிக் கணினியில் இருந்தன.

சன்னல் ஓரத்தில் என் திறன்பேசிக்கு நல்ல அலை கிடைத்தது. “ஐயா, உங்கள் பேசியைக் கணினியோடு இணைத்துப் பார்க்கலாமா?” என்று அவன் கேட்டான். மின்னேற்றும் வடத்தால் இரண்டையும் இணைத்தோம். பேசியில் மின்னேற்றம் நடந்தது; ஆனால் கணினி பேசியை அறிந்துகொள்ளவே இல்லை. மணி மூன்றைக் கடந்தது. அவன் வடத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, “இது மின்சாரத்தை மட்டும் கடத்தும் வடமாக இருக்கலாம், ஐயா” என்றான். நூலகரிடமிருந்து வேறொரு வடத்தை வாங்கி வந்து இணைத்தோம். பேசியின் அமைப்புகள் பகுதியில் யூ.எஸ்.பி. வழி இணையப் பகிர்வை இயக்கியதும் கணினித் திரையில் இணைப்புக்குறி தோன்றியது.

இரண்டு சான்றிதழ்கள் ஏறின. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. ‘இன்றைய தரவு அளவு தீர்ந்தது’ என்று பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் அனுப்பியவை சில நூறு கிலோபைட்டுகளே. அப்படியானால் எஞ்சிய தரவு எங்கே போயிற்று? அதனை அறிய, திறன்பேசி அப்போது செய்த வேலை என்ன என்பதை முதலில் அறிய வேண்டும்.

மோடம் என்பது யாது?

கணினி 0, 1 என்னும் இரண்டு குறிகளை மட்டுமே அறியும். கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ நெடுந்தொலைவு செல்ல வேண்டுமானால் அக்குறிகளை அலைகளின் மேல் ஏற்ற வேண்டும். இதற்குப் பண்பேற்றம் என்று பெயர். மறுமுனையில் அலைகளிலிருந்து குறிகளைப் பிரித்து எடுப்பது பண்பிறக்கம். இவ்விரு பணிகளையும் செய்யும் கருவிகளை ஆங்கிலத்தில் மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்பர். அவ்விரு பெயர்களின் முதற்பகுதிகள் சேர்ந்து பிறந்ததே மோடம் என்னும் சொல்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அக்காலத்தில் மோடம் தனிப்பெட்டியாக மேசைமேல் இருந்தது. அது தொலைபேசிக் கம்பி வழியே கீச்சொலி எழுப்பி மறுமுனையோடு தொடர்பு கொண்டது. அந்தத் தொடக்க நாள்களில் அதன் வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். 300 கிலோபைட்டு அளவுள்ள ஒரு சான்றிதழில் ஏறத்தாழ 24 இலட்சம் பிட்டுகள் உள்ளன. அதனை அனுப்ப அன்று 250 நொடிகள், அதாவது நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்கும். இன்று ஓரிரு நொடிகளில் முடிகிறது.

இன்றைய திறன்பேசியினுள் அந்த மோடம் ஒரு சிறு சில்லாக அடங்கியிருக்கிறது. உண்மையில் திறன்பேசி என்பது ஒரே உறையில் இருக்கும் இரண்டு கணினிகள் எனலாம். ஒன்று, நாம் தொடும் திரையையும் செயலிகளையும் நடத்துகிறது. மற்றொன்று, செல்பேசிக் கோபுரத்தோடு வானலை வழியே உரையாடுகிறது. இவ்விரண்டாவது கணினியே மோடம். நாங்கள் அன்று செய்தது, அதன் பயனைப் பேசியின் திரையோடு நிறுத்தாமல் பள்ளிக் கணினிக்கும் நீட்டித்ததே ஆகும்.

ஒரு முகவரி, பல அறைகள்

இணையத்தில் உள்ள கருவிக்கு முகவரி வேண்டும். செல்பேசி நிறுவனம் திறன்பேசிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முகவரியைத்தான் தருகிறது. அந்த ஒன்றைக் கொண்டு பல கணினிகள் இணையத்தை அடைவது எவ்வாறு?

ஒரு மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள். அஞ்சல்காரருக்குத் தெரிந்தது விடுதியின் முகவரி மட்டுமே. உள்ளே எந்த அறையில் எவர் இருக்கிறார் என்பதை விடுதிக் காப்பாளர் அறிவார். வரும் மடல்களை அவர் உரிய அறைக்கு அனுப்புகிறார். திறன்பேசியும் அக்காப்பாளரைப் போலவே செயற்படுகிறது. தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் பொதுவாக 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியை அளிக்கிறது. அக்கருவி வெளியே அனுப்பும் செய்தியில் உள்முகவரியை நீக்கித் தன் முகவரியை இடுகிறது. எந்தக் கருவி எதனைக் கேட்டது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. விடை வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கிறது. இம்முறைக்கு முகவரி மாற்றம் என்று பெயர்.

பகிரும் மூன்று வழிகள்

திறன்பேசியையும் கணினியையும் மூன்று வழிகளில் இணைக்கலாம்.

முதலாவது, யூ.எஸ்.பி. வடம். ஒரு கணினிக்கு மட்டும் இணைப்பு வேண்டுமாயின் இதுவே சிறந்தது. பேசிக்கு மின்னேற்றமும் கிடைக்கும். அயலார் இடையே நுழையவும் இயலாது. ஆனால் தரவைக் கடத்தும் கம்பிகள் உள்ள வடமாக அது இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, அருகலை என்று தமிழில் வழங்கும் வைஃபை. இம்முறையில் பேசியே ஒரு சிறிய அலை நிலையமாகிறது. இதனையே ஹாட்ஸ்பாட் என்கிறோம். பல கருவிகள் ஒரே நேரத்தில் இணையலாம். எனினும், பேசி ஒருபுறம் கோபுரத்தோடும் மறுபுறம் கருவிகளோடும் இடைவிடாது பேச வேண்டியிருப்பதால் மின்கலம் விரைவில் தீரும், பேசியும் சூடாகும்.

மூன்றாவது, புளூடூத் என்னும் ஊடலை. இதில் வேகம் குறைவு, மின்செலவும் குறைவு. எழுத்து மடல்களை அனுப்ப இது போதும்.

திறந்த மூலம் தந்த கொடை

ஒரு மென்பொருளை எழுதும்போது அறிஞர்கள் இயற்றும் கட்டளைத் தொகுப்புக்கு மூல நிரல் என்று பெயர். பல நிறுவனங்கள் அதனை மறைத்து வைக்கின்றன. அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்தால் அது திறந்த மூல மென்பொருள் எனப்படும். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. உலகின் பல நாட்டினர் அதனைச் செப்பம் செய்தனர். மேலே கூறிய முகவரி மாற்றத்தைச் செய்யும் நிரலும் 1990களிலேயே லினக்ஸில் இடம்பெற்றுவிட்டது.

2008-இல் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதல் திறன்பேசி விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளமாக அமைந்தது லினக்ஸே. தொடக்கத்தில் ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் வசதி இல்லை. ஆனால் அடித்தளத்தின் மூல நிரல் திறந்திருந்ததால், அதற்கான உறுப்புகள் உள்ளே இருப்பதை ஆர்வலர்கள் அறிந்தனர். தாமே செயலிகள் எழுதி இணையத்தைப் பகிர்ந்தனர். 2010-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் யூ.எஸ்.பி. பகிர்வும் அருகலை ஹாட்ஸ்பாட்டும் முறையான வசதிகளாகச் சேர்க்கப்பட்டன. அப்பதிப்பின்படி எட்டுக் கருவிகள் வரை ஒரு பேசியோடு இணையலாம்.

இங்கு ஓர் உண்மையையும் அறிதல் வேண்டும். திறந்த மூலத் திறன்பேசியிலும் எல்லாம் திறந்திருப்பதில்லை. 2008-இல் ஓப்பன்மோகோ திட்டத்தினர் நியோ ஃப்ரீரன்னர் என்னும் பேசியை வெளியிட்டனர். மென்பொருளோடு மின்சுற்று வரைபடங்களையும் அவர்கள் உலகுக்கு அளித்தனர். ஆயினும் அதன் மோடத்தை இயக்கிய நிரல் மட்டும் மூடியே இருந்தது. இன்றும் பெரும்பாலான பேசிகளில் மோடத்தின் நிலை இதுவே. ஆகவே, “இது திறந்த மூலம்” என்று எவரேனும் கூறினால், “எந்தப் பகுதி திறந்தது, எந்தப் பகுதி மூடியது?” என்று கேட்கப் பழகுங்கள்.

பகிர்வோர் கடமை

இப்போது மழைநாள் வினாவுக்கு வருவோம். தரவு எங்கே போயிற்று?

வடத்தின் வழியே வந்த இணைப்பைப் பள்ளிக் கணினி அளவில்லாத இணைப்பு என்று கருதிக்கொண்டது. இரண்டு நாள்களாக இணையமின்றிக் காத்திருந்த அது, தன் இயங்குதளத்துக்கான புதுப்பிப்புகளை எங்களைக் கேளாமலே இறக்கத் தொடங்கிவிட்டது. மாணவனுக்கு உரிய தரவை அதுவே உண்டுவிட்டது. கணித ஆசிரியர் உடனே தம் திறன்பேசியைத் தந்தார். இம்முறை அவன் முதலில் கணினியின் அமைப்பில் இதனை ‘அளவுள்ள இணைப்பு’ என்று குறித்தான். தேவையற்ற செயலிகளை மூடினான். அதன் பின்னரே மூன்றாவது சான்றிதழைப் பதிவேற்றினான். ஒப்புகைச் சீட்டுத் திரையில் தோன்றியபோது மணி நான்கு ஐம்பது. கருவி எங்கள் கையில் இருந்தும், அதன் இயல்பை அறியாததால் அவனுடைய ஓராண்டு உழைப்பு பத்து நிமிட இடைவெளியில் தப்பியது.

எனவே இணையத்தைப் பகிரும்போது பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

1. கணினியை இணைத்தவுடன் அவ்விணைப்பை அளவுள்ள இணைப்பு என்று குறித்துவிடுங்கள். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்தில் 1 கிகாபைட்டுக்கு மேலும் செலவழிக்கும்.

2. கடவுச்சொல் இன்றி ஹாட்ஸ்பாட்டைத் திறவாதீர்கள். பெயர், பிறந்தநாள், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைத்தல் தவறு. உங்களுக்கு மட்டுமே தோன்றும் சில சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல்லை அமையுங்கள்.

3. ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு எண்ணையோ முழுப்பெயரையோ சூட்டாதீர்கள். அது அருகில் உள்ள எல்லாருடைய திரையிலும் தெரியும்.

4. உங்கள் இணைப்பின் வழியே பிறர் செய்யும் குற்றத்துக்கு, இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடமே முதலில் கேள்வி எழும். அறிந்தவர்க்கு மட்டும், பெற்றோரின் இசைவோடு பகிருங்கள்.

5. வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள். பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பகிராதீர்கள்.

இவற்றை அறிந்தபின் பகிரத் தயங்கவும் வேண்டா. அண்டை வீட்டில் வேறு மொழி பேசும் தோழி ஒருத்தி உதவித்தொகைப் படிவத்தை நிரப்ப முடியாமல் தவிக்கலாம். அரைமணி நேர இணைப்பு அவளுக்குப் பேருதவியாகும். முன்பின் அறியாதோர் தம் அறிவைத் திறந்து வைத்ததால் நமக்கு வந்த வசதி இது. நாமும் அதனை அறிந்து, காத்து, பிறர்க்கும் பயன்படச் செய்வோம்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மோடம் என்னும் சொல் எவ்வாறு பிறந்தது?
2. முதலில் இணைத்த வடத்தால் கணினிக்கு இணையம் கிடைக்காதது ஏன்?
3. திறந்த மூல மென்பொருள் தரும் உரிமைகள் யாவை?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. விடுதிக் காப்பாளரின் பணியைத் திறன்பேசியின் பணியோடு ஒப்பிடுக.
2. வடம், அருகலை, ஊடலை ஆகிய மூன்றனுள் எதனை எப்போது பயன்படுத்துவீர்? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக.
மின்னேற்றம், பண்பிறக்கம், திறன்பேசி, ஓரிடம்

ஈ. செயல்பாடு
ஹாட்ஸ்பாட்டை இயக்கும் முறையையும், அதில் கவனிக்க வேண்டியவற்றையும் ஊரில் உள்ள உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ விளக்கிப் பத்து வரிகளில் தமிழில் ஒரு மடல் எழுதுக.