காட்டுப் பாதையில் எஞ்சின் ‘ஜாம்’ ஆகாமல் இருக்க...

ஆர்.எக்ஸ்.இசட் ஓட்டிப் பழகியவர்களுக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறுக்கியதும் சீறும், கவனிக்காமல் விட்டால் பாதி வழியில் கழுத்தறுக்கும். அதே குணமுள்ள எஞ்சினை நான்கு சக்கரங்களின் மேல் ஏற்றி, சேறும் மேடுமான காட்டுப் பாதையில் விட்டால் என்ன ஆகும்? என் பட்டறைக்கு வரும் சில வண்டிகள் அதற்குப் பதில் சொல்லும்.

கெமென்சா, ஜண்டா பாயிக் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் ஏடிவிகள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். நான் சொல்ல வருவது பழைய டூ ஸ்ட்ரோக் ரகம். யமஹாவின் பேன்ஷீ 1987இலும், பிளாஸ்டர் 1988இலும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 2006உடன் இரண்டுக்கும் அங்கே விடைகொடுத்துவிட்டார்கள். பேன்ஷீக்கு இரட்டை சிலிண்டர், 347 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின். பிளாஸ்டருக்கு ஒற்றை சிலிண்டர், 195 சிசி, நம் ஆர்.எக்ஸ்.இசட் போலவே காற்றால் குளிர்வது.

இந்த வண்டிகளை வாங்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “அண்ணே, பைப் மாத்தி, ஹெட் சீவி, கார்ப் பெருசா போட்டுக் கொடுங்க” என்பதுதான். “எங்க ஓட்டப் போறீங்க தம்பி?” என்று நான் திருப்பிக் கேட்பேன். மணல் மேட்டில் முழு வேகத்தில் பறப்பதற்கும், முதல் கியரில் ஊர்ந்து மேடேறுவதற்கும் ஒரே வேலை செய்ய முடியாது.

ஒரு தம்பி பிளாஸ்டர் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பைப்பை மாற்றி, ஏர் பாக்ஸ் மூடியையும் கழற்றிவிட்டார். காற்று அதிகம் போனது. மெயின் ஜெட் மட்டும் பழையது. செம்பனைத் தோட்டத்தைத் தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் ஜாம் ஆகி, பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஒரு மரத்தில் மோதி நின்றது. சிராய்ப்போடு தப்பினார். மரத்துக்குப் பதில் பள்ளம் இருந்திருந்தால்? பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தபோது, புகை வெளியேறும் பக்கம் முழுதும் கீறல். புது பிஸ்டன், சிலிண்டர் போர், கேஸ்கெட் என்று அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

ஏன் இவ்வளவு சூடு?

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். மெதுவாக மேடேறும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. போதாததற்கு, சேறு அப்பிக்கொண்டு சிலிண்டரின் செதில்களையும் ரேடியேட்டரையும் அடைத்துவிடும். உள்ளே வரும் பெட்ரோலும் எண்ணெயும்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் வழுக்கிக் குளிர்விக்கின்றன. காற்றோடு ஒப்பிட பெட்ரோல் குறைந்தால், சூடு ஏறுவதும் எண்ணெய் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

முதல் செலவு ஸ்ப்ராக்கெட்டுக்கு

காட்டுப் பாதைக்கு மிக மலிவான மாற்றம், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது. 14 பல்லை 13 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 8 விழுக்காடு கூடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். காட்டுக்குள் அதை யார் கேட்கப் போகிறார்கள்? கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து மேடேற வேண்டிய அவசியமும் குறையும்.

பைப் மாற்றினால் ஜெட்டும் மாற வேண்டும்

பைப் வாங்குவதாக இருந்தால் நடு சுழற்சியில் இழுக்கும் ரகத்தைக் கேளுங்கள். பந்தயத்துக்கான பைப், எஞ்சின் கத்தும்போதுதான் வேலை செய்யும். எதை மாட்டினாலும் மெயின் ஜெட்டை இரண்டு மூன்று படி பெரிதாக்கித் தொடங்கி, பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வாருங்கள். குளிர் நாட்டில் ஓட்டுபவர் சொல்லும் ஜெட் எண்ணை அப்படியே போடாதீர்கள். அங்கே காற்றின் அடர்த்தி அதிகம்.

சரிபார்க்கப் புது பிளக் போட்டு, முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றினால் தே தாரிக் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஆபத்து, ஜெட்டைப் பெரிதாக்குங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் ஒரு படி குறைக்கலாம்.

எண்ணெய்க் கலவைக்கு 32க்கு 1 என்பது பலரும் நம்பும் அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 31 மில்லி, 5 லிட்டருக்கு 156 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். பயத்தில் எண்ணெயைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்து, கலவை வறண்டுபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹெட் சீவும் ஆசை

ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடி, கீழ்ச்சுழற்சியில் இழுவை கிடைக்கும் என்பது உண்மை. கூடவே சூடும் ‘நாக்கிங்’கும் வரும். அழுத்த மானியில் 150 பிஎஸ்ஐயைத் தாண்டினால் ரோன் 95ஐ நம்பி ஓட்ட வேண்டாம் என்பது என் பட்டறை வழக்கம். பிஸ்டனுக்கும் ஹெட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பிளக் ஓட்டை வழியாக ஈயக் கம்பி விட்டு நசுக்கி அளக்கலாம். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

தண்ணீரும் காற்றும்

பேன்ஷீயின் ரேடியேட்டருக்கு விசிறி கிடையாது. ஓடினால்தான் குளிரும். மின்விசிறி மாட்ட நினைப்பவர்கள் முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த வண்டிக்கு பேட்டரியே இல்லை. உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மின்னோட்டத்தை மாற்றித்தரும் ரெக்டிஃபையரும் சிறு பேட்டரியும் சேர்த்தால்தான் விசிறி ஒழுங்காகச் சுற்றும்.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ரேடியேட்டரைப் பின்பக்கத்திலிருந்து மென்மையான தண்ணீரில் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை அடித்தால் செதில்கள் மடங்கிவிடும். மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி தளர்ந்தால் 100இலேயே கொதிக்கும். நம் நாட்டில் தண்ணீர் உறையும் பயமில்லை. ஆனால் துருவைத் தடுக்க கூலண்ட் வேண்டும். வெறும் பைப் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

பிளாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ரேடியேட்டர் தொல்லை இல்லை. சிலிண்டர் செதில்களுக்கு இடையில் காய்ந்த சேற்றை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஓட்டும் கையிலும் இருக்கிறது

கிளம்பும் முன் மூன்று நான்கு நிமிடம் சூடேற்றுங்கள். அலுமினிய பிஸ்டன் வேகமாக விரியும், இரும்பு ஸ்லீவ் பின்தங்கும். அவசரப்பட்டு முறுக்கினால் குளிர்ந்த எஞ்சினும் ஜாம் ஆகும். கொதிக்கும் எஞ்சினோடு ஆற்றில் இறங்குவதும் அதே கதைதான். கரையில் சற்று நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

நீண்ட இறக்கத்தில் முறுக்கை மூடிவிட்டு கியரில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெயோ வராது. இடையிடையே கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கிவிடுங்கள். சத்தம் மாறினாலோ இழுவை திடீரென்று குறைந்தாலோ உடனே கிளட்சைப் பிடியுங்கள். இடது கை விரல் ஒன்று எப்போதும் கிளட்சின் மேல் இருக்கட்டும். சக்கரம் பூட்டாமல் உங்களைக் காப்பது அந்த விரல்தான்.

இன்னொன்று. பழைய வண்டி வாங்கியதும் எஞ்சினின் வாய்களை அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். நிற்கவில்லையென்றால் எங்கோ ஆயில் சீல் கசிகிறது. அந்த வழியாகக் காற்று புகுந்து எஞ்சினை எரிக்கும். பைப்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை முதலில் இந்தச் சோதனைக்கும் இரண்டு சீலுக்கும் செலவழியுங்கள்.