கரை ஒதுங்கிய பாசி

1776-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கழியால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தாரே, அந்த மீத்தேன் வாயுதான் நம் கிராமங்களில் சாணத்திலிருந்து பிறந்து அடுப்பில் நீலமாக எரிவதும். பிராணவாயு புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் எதை ஜீரணித்தாலும் பெரும்பாலும் இதுவே பலன். அது சாணமாக இருக்கவேண்டுமென்ற நியதி ஏதுமில்லை.

டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்குத் தெற்கே, கோகே விரிகுடாவின் ஓரத்தில் சோல்ரோட் என்றோர் ஊர் இருக்கிறது. அலை கொண்டுவந்து குவித்த பாசி கரையிலேயே கிடந்து அழுகி, கடற்காற்றை நாடி வீடு கட்டியவர்களைச் சன்னலைச் சாத்திக்கொள்ளச் செய்த அவ்வூரில், எப்படியும் நடக்கப்போகிற அழுகலை மூடிய கலத்துக்குள்ளே நடத்தி வாயுவைப் பிடித்துக்கொள்ளலாமே என்ற யோசனை வலுப்பெற்று, 2015-இல் எரிவாயு நிலையமாக உருக்கொண்டது.

ஆனால் பாசி தனித்துக் காரியம் செய்யாது. அதனோடு வரும் மணல் கலத்தின் அடியில் படிந்து இடத்தை அடைக்கும். உப்பு மிகுந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். அதிலுள்ள கந்தகமோ அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயுவாகி இயந்திரத்தின் இரும்பை அரிக்கும். ஆகவே மணலைக் கழித்து, பண்ணைகளின் பன்றிச் சாணத்தோடு சேர்க்கிறார்கள். சாணம் நுண்ணுயிர்களைத் தந்து உப்பையும் நீர்க்கச் செய்கிறது என்றாலும், அதில் பெரும்பகுதி ஜலமேயாதலால் வாயு குறைவு. அக்குறையை எலுமிச்சைத் தோலிலிருந்து பெக்டின் எடுக்கும் பக்கத்து ஆலையின் சக்கை நிரப்புகிறது. உண்மையைச் சொன்னால் இந்தப் பந்தியில் சக்கையும் சாணமுமே பிரதானம். யோசனைக்கு வித்திட்ட பாசி ஊறுகாய் அளவுதான்.

எனக்கு விந்தையாகத் தோன்றுவது வாயுவைவிட, அது போனபின் எஞ்சும் குழம்பே. மீத்தேனாக வெளியேறுவது கரியும் ஹைட்ரஜனுமே ஆகையால், தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் குழம்பிலேயே தங்குகின்றன. தழைச்சத்தின் ஒரு பகுதி, பயிர் உடனே உறிஞ்சத்தக்க அம்மோனிய வடிவமும் பெற்றுவிடுகிறது. வயலில் இட்ட உரம் மழையில் கரைந்து விரிகுடாவில் விழுந்து, அதைத் தின்றே பாசி அவ்வளவு கொழுத்தது என்பதை நினைத்தால், உழவன் தொலைத்த பொருள்தான் குழம்பாக அவன் வயலுக்குத் திரும்புகிறது. கூடவே ஒரு வேண்டாத விருந்தாளியும் வரக்கூடும்: கடல்நீரிலுள்ள காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைப் பாசி தன்னுள் சேர்த்துவைப்பதால், கலத்தில் எவ்வளவு பாசியை இடலாம் என்பதை வாயுக் கணக்கை மட்டும் பார்த்து நிர்ணயிக்க இயலாது.