காருக்கு ஓர் ஊஞ்சல்

ரயிலில் கீழ் பர்த்தில் ஒருவர், மேல் பர்த்தில் ஒருவர் என்று படுத்துக்கொண்டு பிரயாணம் செய்வது நமக்குப் பழகிய விஷயம். ஆனால் கீழே ஒரு கார், அதன் தலைக்கு மேலே இன்னொரு கார் என்று வீட்டுக் கார் ஷெட்டிலேயே அடுக்கி வைத்தால் எப்படி இருக்கும்? "வேடிக்கைதான்!" என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் பல வீடுகளில் இது நடக்கிறது. அங்கே குடித்தனம் செய்யும் உங்கள் பெண், "அம்மா, ஷெட்டில் நாலு கால் லிப்ட் வைக்கப் போகிறோம்" என்று சொன்னால் நீங்களும் நாலு கேள்வி கேட்க வேண்டாமா?

அந்த நாட்டின் வடக்குப் பகுதிகளில் குளிர்காலத்தில் பனி கொட்டும். சாலையில் உறைந்த பனி கரைவதற்காக உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும். ஆசையாக வைத்திருக்கும் பழைய காரை அந்த மாதங்களில் வெளியே எடுக்கவே மாட்டார்கள். ஆனால் அது ஷெட்டை அடைத்துக்கொண்டால், தினமும் வேலைக்குப் போகும் கார் பனியில் நிற்க வேண்டும். பக்கத்தில் இடம் இல்லாதபோது மேலே பார்க்க வேண்டியதுதானே! நம் மும்பையிலும் சென்னையிலும்கூட, இடநெருக்கடியால் அடுக்குமாடிக் கட்டிடங்களில் காரின் மேல் கார் ஏற்றும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன.

காரைத் தூக்கும் வித்தை புதிதல்ல. 1920-களின் நடுவில், அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் இருந்த பீட்டர் லுனாட்டி என்பவர், எண்ணெயின் அழுத்தத்தால் காரைத் தூக்கும் லிப்டை உருவாக்கினார். சலூன் நாற்காலி மேலே எழும்புவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை உதித்தது என்று சொல்லுவார்கள்.

நாலு கால் லிப்ட் எப்படி வேலை செய்கிறது? நம் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் பலகை நாலு சங்கிலிகளில் தொங்குகிறது அல்லவா? இங்கே உத்தரத்துக்குப் பதில் நாலு இரும்புத் தூண்கள். சங்கிலிகளுக்குப் பதில் நாலு கம்பி வடங்கள். பலகைகள் இரண்டு. கார் சரிவுப் பலகையில் ஏறி, இடது சக்கரங்கள் ஒன்றிலும் வலது சக்கரங்கள் மற்றொன்றிலுமாக நிற்கும். ஒரு பலகையின் அடியில் எண்ணெய் சிலிண்டர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிலிண்டர் நாலு வடங்களையும் கப்பிகளின் வழியாக ஒரே சமயத்தில் இழுக்கிறது. ஊஞ்சல் காரோடு மேலே போகிறது!

இதை வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது உயரம். கீழ்க் கார் 5 அடி 8 அங்குலம், மேல் கார் 4 அடி 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10 அடி 6 அங்குலம். பலகையின் கனத்துக்கு 5 அங்குலமும், இடிக்காமல் இருக்க 6 அங்குலமும் சேர்த்தால் ஏறக்குறைய 11½ அடி ஆகிவிடும். எட்டு, ஒன்பது அடி உயரமுள்ள ஷெட்டில் இது நடக்காது. மேலே சுருண்டு போகும் ஷெட் கதவின் தண்டவாளத்தையும் மறந்துவிடக் கூடாது. அதைக் கூரையை ஒட்டி உயர்த்தி அமைக்க நேரலாம்.

இரண்டாவது தரை. ஒன்றரை டன் காரும் லிப்டின் சொந்த எடையும் சேர்ந்து நாலு கால்களில் இறங்குகின்றன. ஒவ்வொரு காலும் அரை டன்னுக்கு மேல் சுமக்கும். நாலு அங்குலக் கனமாவது உள்ள, வெடிப்பில்லாத நல்ல கான்கிரீட் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சாதாரணமாகக் கேட்கிறார்கள்.

மூன்றாவது மின்சாரம். அங்கே வீட்டுப் பிளக்குகளில் 120 வோல்ட்தான் வரும். 240 வோல்ட் மோட்டாராக இருந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி இணைப்புப் போட வேண்டும்.

லிப்ட் பகுதி பகுதியாக வந்து இறங்கும். தூண்களை நிறுத்தி, குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, பலகைகளை ஏற்றி, வடங்களைக் கோத்து, எண்ணெய் ஊற்ற வேண்டும். பலகைகள் மிகவும் கனம். ஒருவர், இருவர் தூக்கும் காரியமல்ல. ஊஞ்சலில் ஒரு சங்கிலி நீண்டுவிட்டால் பலகை சாய்கிறதே, அதே கதைதான் இங்கும். ஆகவே நாலு வடங்களையும் சமமாக முறுக்கி, மட்டம் பார்த்து, முதலில் காரில்லாமலே பல முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரைத் தூக்குவது எண்ணெய். தாங்க வேண்டியது இரும்பு. கிணற்றில் குடத்தை இழுத்தபின் கயிற்றைக் கையிலேயே எத்தனை நேரம் பிடித்திருக்க முடியும்? தூணில் சுற்றிக் கட்டினால்தான் நிம்மதி. அதேபோல் ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஏணிப் படிகள் மாதிரிப் பள்ளங்கள் இருக்கின்றன. லிப்ட் ஏறும்போது இரும்புக் கொண்டிகள் 'டக், டக்' என்று அவற்றைத் தாண்டிப் போகும். வேண்டிய உயரம் வந்ததும் லிப்டைச் சற்றே இறக்கி, நாலு கொண்டிகளும் பள்ளத்தில் உட்காரும்படி செய்ய வேண்டும். அதன் பிறகு எண்ணெய் கசிந்தாலும் கார் இறங்காது. கொண்டி விழாமல் வெறும் எண்ணெயை நம்பி நிற்கும் காரின் கீழே யாரும் போகவே கூடாது. இன்னொரு காரையும் நிறுத்தக் கூடாது. மூன்று கொண்டிகள் விழுந்து ஒன்று விழாவிட்டாலும் அபாயம்தான்.

இறக்கும்போது முறை தலைகீழ். முதலில் கொஞ்சம் உயர்த்திக் கொண்டிகளை விடுவித்த பிறகே இறக்க வேண்டும். கீழ்க் காரை முன்கூட்டியே வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். லிப்ட் அசையும்போது குழந்தைகள் ஷெட்டுக்குள் இருக்கக் கூடாது. இயக்குபவரின் கண் பொத்தானில் அல்ல, லிப்டின் அடியில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிடலாம். வருஷத்துக்கு ஒரு முறையாவது, வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று விஷயம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். மேல் காரிலிருந்து சொட்டும் எண்ணெய் கீழ்க் காரைப் பாழாக்காமல் இருக்க, பலகைகளுக்கு நடுவே தட்டுகள் வைப்பதும் உண்டு.

அமெரிக்காவில் லிப்ட் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று 1945 முதல் இருந்து வருகிறது. சோதனையில் தேறிய லிப்டுகளில் அதன் தங்க நிற முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். விலை மலிவு என்று மயங்குவதற்கு முன் அந்தச் சீட்டைத் தேடுவது நல்லது.

இரவில் வாசற்கதவைத் தாழிட்டோமா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்கும் வழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. நாலு தூண்களிலும் கொண்டி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் அந்த வழக்கத்தோடு சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.