கடலில் முப்பது நாள்: கரையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

செவிலிமேட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஊரை ஒட்டி ஓடும் பாலாறு கிழக்கே போய், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. "அப்படியிருக்க, விசைப்படகு பற்றி நாம எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, படகு வேலைக்குக் கடலோரத்தார் மட்டும் போவதில்லை. உள் மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் போகிறார்கள். அப்படிப் போனவர் உங்கள் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். இரண்டு, கடலில் ஒரு மாதம் வாழத் தெரிந்தவர்களிடம், வெள்ளத்தில் நாலு நாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் எவருக்கும் பயன்படும் பாடம் இருக்கிறது.

தங்கு கடல் என்றால் என்ன?

காலையில் போய் இரவுக்குள் திரும்புவது ஒரு வகை. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது இன்னொரு வகை. இதைத்தான் 'தங்கு கடல் மீன்பிடிப்பு' என்கிறார்கள். காசிமேட்டிலிருந்து புறப்படும் இழுவலை விசைப்படகுகள் பத்து, பதினைந்து நாள் கழித்துத் திரும்புவது வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டார மீனவர்கள் இன்னும் தூரம் போகிறவர்கள். சூரை, சுறா தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போய், ஒரு மாதத்துக்கு மேலும் கடலில் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அந்தப் படகுதான் வீடு, சமையலறை, தொழிற்கூடம் எல்லாம்.

காஞ்சிபுரத்தில் தறி தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பாவு பூட்டிய பிறகு இழைக் கணக்கை மாற்ற முடியாது. படகும் அப்படித்தான். கயிறு அவிழ்த்த பிறகு, மறந்துபோன பொருளை வாங்கிவரக் கடை கிடையாது. கடலில் உயிரைக் காப்பாற்றும் வேலைகளில் பெரும்பாலானவை கரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர், 30 நாள் என்றால் 1,200 லிட்டர். இது வெறும் வாய்க்கும் வயிற்றுக்கும் மட்டும். திரும்பி வருவது தாமதமானால் என்ன செய்வது? அதற்காகக் கூடுதலாகச் சில நாள் தண்ணீரைத் தனி கேன்களில் வைக்க வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைத்தால், தொட்டி கசிந்தாலோ உப்புநீர் கலந்தாலோ மொத்தமும் போச்சு.

பாத்திரம் கழுவ, குளிக்க, தளம் கழுவக் கடல்நீர்தான். குளித்து முடித்து, கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். உப்பு உடம்பில் காய்ந்தால் தோல் வெடித்துப் புண் வரும். தாகத்துக்கு மட்டும் கடல்நீரைக் குடிக்கவே கூடாது. அந்த உப்பை வெளியேற்ற உடம்பு, குடித்த நீரைவிட அதிக நீரைச் செலவழிக்கும்.

டீசலும் ஐஸும்

மேலை நாடுகளில், இழுவலைப் படகின் வடிவில் கட்டிய சிறு படகையே வீடாக்கி வருடக்கணக்கில் அதிலேயே வாழ்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் விதி ஒன்று: எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. மீன்பிடிப் படகில் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் கையிருப்பைத் தொடக்கூடாது என்பது மாறாது. "இன்னும் ஒரு வலை இழுத்துட்டுத் திரும்பலாம்" என்ற ஆசைதான் கையிருப்பைக் கரைக்கும்.

டீசல் தீராமலேயே இன்ஜின் நிற்கவும் கூடும். டீசலில் தண்ணீர் கலந்தாலோ பில்டர் அடைத்தாலோ நடுக்கடலில் நின்றுவிடும். அதனால் மாற்று பில்டர், பெல்ட், இன்ஜின் ஆயில், குளிர்நீர் பம்பின் உதிரி பாகங்கள் படகில் இருக்க வேண்டும். அவற்றை மாட்டத் தெரிந்தவர் ஒருவருக்கு இருவராக இருப்பது நல்லது. தினமும் காலையில் ஆயில் அளவு, பெல்ட், பேட்டரி, படகின் அடியில் சேரும் தண்ணீர் ஆகிய நான்கையும் பார்ப்பது பத்து நிமிட வேலை.

வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. ஐஸ் குறைந்தால் முதல் வாரத்தில் பிடித்த மீன் கெடும். நஷ்டம் அதோடு முடியாது. கெடும் மீன் ஆளையும் கொல்லும். எப்படி என்று கீழே பாருங்கள்.

மூடிய அறையில் இறங்காதீர்கள்

மூடிய மீன் அறையில் மீனும் கழிவுநீரும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் வாயு அதிகமானால் மூக்கு மரத்து, அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும். அதுதான் ஆபத்து. இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இப்படி அடுத்தடுத்து உயிர் போகும்.

விதி எளிது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஆள் நிற்காமல் இறங்கக் கூடாது. ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.

நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டியில் இருப்பதும் இதே வாயுதான். அதற்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழையுங்கள்.

சாப்பாடு, தூக்கம், மருந்து

கீரை, தக்காளி முதல் சில நாளில் தீர்ந்துவிட வேண்டும். வெங்காயம், உருளை, புளி, பருப்பு, கருவாடு கடைசி வரை வரும். எலுமிச்சையும் ஊறுகாயும் ருசிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் இருந்த பழைய மாலுமிகள் வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி நோயில் ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள்.

தூக்கத்துக்கு முறை வைக்க வேண்டும். இரவில் படகு நங்கூரமிட்டு நின்றாலும் ஒருவர் விழித்திருக்கணும். பக்கத்தில் வரும் கப்பலுக்கு நம் சிறு விளக்கு தெரியாமல் போகலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயண நாளைவிட இரண்டு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஓஆர்எஸ் பொட்டலம், காயத்துக்குப் போடும் மருந்து, கட்டுத்துணி, தீக்காய மருந்து கட்டாயம். தூண்டில் முள் குத்திய சின்னக் காயம்கூட உப்பு ஈரத்தில் சீழ் பிடிக்கும்.

ஒக்கி காட்டிய ஓட்டை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது, தூத்தூர் வட்டாரப் படகுகள் பல ஏற்கெனவே வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தன. கரையில் எச்சரிக்கை வந்தது. ஆனால் அவர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கடல் மைல் வரைதான். விஎச்எஃப் ரேடியோ ஏறக்குறைய 20, 25 கடல் மைல் வரை எட்டும். அவர்கள் இருந்ததோ அதற்கும் மிக அப்பால். பல படகுகள் மகாராஷ்டிரம், குஜராத், லட்சத்தீவுக் கரைகளில் ஒதுங்கித் தப்பின. நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மாவட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை.

இன்னொரு வேதனையும் சேர்ந்தது. எத்தனை படகில் எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணிக்கையே பல நாள் மாறிக்கொண்டிருந்தது. யார் எந்தப் படகில் ஏறினார் என்று எழுதிய பட்டியல் கரையில் இல்லாவிட்டால், தேடவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. சட்டப்படி, 7 ஆண்டுகள் தகவல் இல்லாத ஒருவரைத்தான் இறந்தவராகக் கருத முடியும். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் காலம் வரை காத்திராமல் அரசு நிவாரணம் வழங்கியது. ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் அப்படி நடக்கும் என்று இருந்துவிட முடியாது.

இப்போது என்ன வசதி இருக்கிறது?

விசைப்படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கான திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இது செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதால் செல்போன் சிக்னல் தேவையில்லை. கருவியை ப்ளூடூத் மூலம் போனோடு இணைத்து, 'நப்மித்ரா' செயலியில் தகவல் அனுப்பலாம், பெறலாம். ஆபத்து என்றால் அவசர பட்டனை அழுத்தினால் போதும். புயல் எச்சரிக்கையும் அதிலேயே வரும்.

கருவி படகில் இருந்தால் மட்டும் போதாது. அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்தால், கரையில் இருப்பவர்களின் கண்ணுக்கு அந்தப் படகு இல்லாத படகுதான்.

கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் படகு வேலைக்குப் போகிறார் என்றால், புறப்படும் முன் இந்த ஆறையும் முடித்துவிடுங்கள்:

1. படகின் பெயர், பதிவு எண்ணை (படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்) போட்டோ எடுத்து வையுங்கள்.

2. படகு உரிமையாளர், ஓட்டுநர் இருவரின் போன் எண்ணையும் வாங்கி, போனில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

3. எந்தத் துறைமுகத்திலிருந்து, என்றைக்குப் புறப்பாடு, எப்போது திரும்புவார் என்று கேளுங்கள். படகில் இருப்பவர்களின் பட்டியல் கரையில் கொடுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

4. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். அசல் அடையாள அட்டை அவரிடம், தண்ணீர் புகாத உறையில்.

5. மீனவர் விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் பாருங்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. வாரிசு யார் என்ற பதிவையும் சரிபார்க்க வேண்டும்.

6. வேலையில்லாத காலத்துக்கும் கணக்கு வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்.

சொன்ன தேதியில் திரும்பவில்லை என்றால், "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள்:

இந்தியக் கடலோரக் காவல்படை: 1554
கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம்: 1070
மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையம்: 1077

நம் வீடும் ஒரு படகுதான்

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். ஆற்றங்கரையில் இருக்கும் நமக்கு அது மறுபடி வராது என்று யாரும் சொல்ல முடியாது. மழைக்காலம் தொடங்கும் முன், படகுக்காரர்களின் கணக்கை வீட்டுக்கும் போடுங்கள். ஆளுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாள் குடிநீர், இரண்டு வார மாத்திரை, சார்ஜ் ஏறிய பவர் பேங்க், நனையாத உறையில் ஆவணங்கள். தறி வைத்திருப்பவர்கள் பட்டு நூலையும் ஜரிகையையும் எந்த உயரத்துக்கு ஏற்றுவது என்று முன்பே இடம் பார்த்துவிடுங்கள். போனில் 'டிஎன் அலர்ட்' செயலியை இறக்கிக்கொண்டால் வானிலை எச்சரிக்கை தமிழிலேயே வரும்.

மேலே உள்ள நான்கு எண்களையும் இப்போதே உங்கள் போனில் சேமித்து, வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.