பொறியியல் மாணவருக்கு அரசுக் கொள்கைப் பயிற்சி எதற்கு? சந்தேகங்களும் விளக்கங்களும்

மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு அரசாங்கக் கொள்கையில் என்ன வேலை? அது ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியது அல்லவா?

பெற்றோர் பலரும் கேட்பது இது. மேன்ஹோலிலிருந்து தொடங்குகிறேன். கேரளத்தின் குற்றிப்புறத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சிலர், பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் ‘பேண்டிகூட்’ என்ற எந்திரத்தை உருவாக்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. அதற்கு முன்பே சட்டமும் வந்துவிட்டது. கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

எந்திரமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. சாவு மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று தேடிப் போனால் டெண்டர் காகிதத்தில் போய் நிற்போம். எந்திரத்தால்தான் அடைப்பு எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? ஒப்பந்ததாரர் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டால் யார் பொறுப்பு? லாரி நுழையாத சந்துக்கு என்ன ஏற்பாடு? வீட்டுக்காரர் போனில் ஆளைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கைத் திறக்கச் சொன்னால் யார் தடுப்பது? இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பொறியியல் தெரிந்தவர்தான் பதில் எழுத முடியும். ஒப்பந்தம் எழுதும் மேசைக்கு அவர் வராதவரை, நல்ல எந்திரம் இருந்தும் ஆள்தான் இறங்குவார்.

பயிற்சி என்ற பெயரில் ஜெராக்ஸ் எடுக்க விடுவார்கள் என்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறது. ஆனால், ஒழுங்காக நடக்கும் இடத்தில் வேலை வேறு. முதல் சில நாள் படிக்கக் கொடுப்பார்கள்: சட்டம், அரசாணை, தணிக்கை அறிக்கை. பிறகு தரவைச் சரிபார்ப்பது, மாநிலங்களை ஒப்பிட்டு அட்டவணை போடுவது, கடைசியில் அதிகாரிக்கு இரண்டு பக்கக் குறிப்பு. நாற்பது பக்கம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய மாணவருக்கு அந்த இரண்டு பக்கம்தான் மிகக் கடினம். எது முக்கியம், அதற்கு எவ்வளவு செலவு, யாருக்குப் பாதிப்பு என்று அதற்குள் சொல்லியாக வேண்டும். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

எங்கே விண்ணப்பிப்பது?

பலருக்கும் தெரிந்தது நிதி ஆயோக். திட்டக் குழுவுக்குப் பதிலாக 2015 ஜனவரி 1 அன்று உருவான அமைப்பு. பெயரிலுள்ள ‘நிதி’யைப் பார்த்து, காமர்ஸ் மாணவர்களுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியில் அந்தச் சொல்லுக்குக் ‘கொள்கை’ என்று பொருள். பணத்தோடு சம்பந்தம் இல்லை. எரிசக்தி, நீர், போக்குவரத்து, தரவு என்று பொறியியல் மாணவருக்கு ஏற்ற பிரிவுகள் அங்கே உண்டு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நான்காவது செமஸ்டர் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் 85 சதவீதம் வேண்டும். பயிற்சிக் காலம் குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். சேரும்போது கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது.

உதவித்தொகை உண்டா?

இல்லை. லேப்டாப்பும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். ஆறு வாரம் டெல்லியில் அறை வாடகை, சாப்பாடு, ரயில் டிக்கெட் என்று கணக்குப் போட்டால், முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடும். இது நியாயமில்லை. தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்குக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் இந்த ஏற்பாடு வெளியே நிறுத்துகிறது. 85 சதவீத விதியும் அதையே செய்கிறது.

அமெரிக்காவில் 1980 முதல் ‘வைஸ்’ என்ற திட்டம் நடந்துவருகிறது. பொறியாளர் சங்கங்களே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, செலவையும் ஏற்று, கோடையில் வாஷிங்டனுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு மாணவரும் ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதித் தர வேண்டும். நம் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கு இரண்டு பேரின் செலவை ஏற்றுக்கொண்டாலே போதும், நிலைமை மாறும்.

தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் படிப்பு முடிந்த பிறகு. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் முதல் அணிக்கு 30 பேர். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் முதல் வகுப்பும், தமிழில் வேலை செய்யும் அளவுக்குத் தேர்ச்சியும் வேண்டும். இரண்டு ஆண்டுகள், மாதந்தோறும் ஊதியம் உண்டு. ஊதியம் இருப்பதால்தான் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் துணிந்து விண்ணப்பிக்க முடிகிறது.

இப்படிப்பட்ட பயிற்சியை முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படிக்கும்போதே பயிற்சிக்குப் போனால் பிளேஸ்மென்ட் கெட்டுவிடாதா?

நான்காவது அல்லது ஆறாவது செமஸ்டர் விடுமுறையில் போனால் கெடாது. கிரெடிட்டாக ஏற்பார்களா என்பதை மட்டும் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் வீண் வாக்குவாதம்தான்.

டெல்லிக்குப் போக வழியில்லாதவர் என்ன செய்வது? விண்ணப்பத்தில் எழுதவே ஒன்றும் இல்லை என்கிறாள் மகள்.

அவள் தெருவிலேயே இருக்கிறது. பழைய சாலைமேல் புதிய சாலை போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குள் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்குப் பிறகும் ஒரு புறநகர்த் தெருவில் சுரண்டாமலே சாலை போட்டதைப் பார்த்து, மதிப்பீட்டைக் கேட்டு வாங்கினேன். ஜல்லி, தார், கூலி என்று வரிசையாக இருந்தது. சுரண்டி எடுப்பதற்கு ஒரு வரி இல்லை. மதிப்பீட்டில் இல்லாத வேலைக்கு எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அளவு ஏறாது, பணமும் வராது. ஒப்பந்ததாரர் எப்படிச் செய்வார்? அந்த ஆண்டு மழைக்கு அங்கே ஒரு பாட்டி, வாசலில் மணல் மூட்டை அடுக்கி, கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்திருந்தார்.

மகள் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போகட்டும். பத்து வீட்டில் சாலைமட்டத்துக்கும் வாசல்படிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளக்கட்டும். கடைசியாக எப்போது சாலை போட்டார்கள், எந்த மழையில் தண்ணீர் உள்ளே வந்தது என்று வீட்டிலிருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி அந்தச் சாலையின் மதிப்பீட்டு நகலைக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அளந்த எண்களையும் அந்த மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கம் எழுதி, விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். நகராட்சிப் பொறியாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிவரட்டும்.