போர்வை அணிந்த நச்சுயிரி

திண்டிவனத்தில் நிகழ்ந்த திருமண விருந்தொன்றில், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட நண்பர் ஒருவர், தாம் கொண்டுவந்த கொதித்தாறிய நீரையன்றி வேறெதுவும் பருகவில்லை. பந்தியிலிருந்தோர் சிலர் அதனைச் செருக்கு என்றனர். விழுப்புரத்திற்குப் பேருந்தில் திரும்புகையில் காரணத்தை அவர் என்னிடம் கூறினார். தமிழ் கற்பிக்கும் எனக்கு அது புதுச்செய்தி, தேடிப் படித்தேன்.

1955-56இல் தில்லி மாநகரின் குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். ஹெபடைடிஸ் 'ஈ' என்னும் நச்சுயிரியே அதற்குக் காரணம் என்பது பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. புரத ஓடு மட்டுமே உடையது, மேலுறை அற்றது என்றே அதனை அறிஞர் முதலில் கருதினர். பிற்கால ஆய்வுகள் அதன் இரட்டை வேடத்தைக் காட்டின.

நம் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தியும் பொருளும் அனுப்ப, கொழுப்புப் படலத்தாலான நுண்பைகளை வெளியிடுகின்றன. எக்சோசோம் அவற்றுள் ஒருவகை. அண்டை வீட்டிற்குப் பண்டம் கொண்டுசெல்லும் தூக்குவாளி எனலாம். கல்லீரல் உயிரணுவில் பெருகிய நச்சுயிரி அவ்வாளியில் ஏறிக்கொண்டு, உயிரணுவைச் சிதைக்காமலே வெளியேறிவிடுகிறது! பித்தநீர் வழியே குடலை அடைவதன் படலத்தைப் பித்த உப்புகள் களைந்துவிடும். ஆகவே மாசுற்ற நீரில் அது வெறும் ஓட்டுடன் உலவுகிறது. குருதியிலோ போர்வை நீங்குவதில்லை. ஓட்டைப் பற்றவேண்டிய எதிர்ப்பொருள்களுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை.

நலமுடையோரிடம், தொற்றுண்ட கல்லீரல் உயிரணுக்களை டி வகை வெள்ளணுக்கள் அழிப்பதால் நோய் பெரும்பாலும் சில வாரங்களில் அகலும். கருவுற்ற மகளிர்க்கு அது உயிருக்கே கேடாகக்கூடும் என்பதைத் தனியே சொல்லவேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று வெற்றி கண்டது முதல், மாற்றுறுப்புடன் வாழ்வோர் நம் ஊர்களிலும் பெருகியுள்ளனர். பொருத்திய உறுப்பை உடல் ஒதுக்காதிருக்க அவர்கள் உண்ணும் மாத்திரைகள் அந்த வெள்ளணுக்களையே அடக்கிவைப்பவை. போர்த்திய பகைவன் உலவ, காவலரும் கட்டுண்டு கிடப்பர். இத்தகையோரிடம் இந்நோய் நாட்பட்டு நிலைத்துக் கல்லீரலைத் தழும்பாக்குவதை 2008இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் அறிவித்தனர். மாத்திரையின் அளவைக் குறைத்தும், ரிபாவிரின் கொடுத்தும் பலரைக் குணப்படுத்துகின்றனர்.

அங்குக் கண்டது மூன்றாம் மரபுவகை. நம் நாட்டு நீரில் பரவுவது பெரும்பாலும் முதல்வகை, அது நாட்படுதல் மிக அரிது. இதனை நண்பரிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன்.

"அரிது என்பதை நம்பித் தம்ளரை வாங்கச் சொல்கிறீர்களா, ஐயா?" என்றார். விடை கூற எனக்கு வாய் எழவில்லை.